சிரிப்பு வந்த இடத்தைக் குறித்து வை, கண்ணு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு, அதாவது வீடு வீடாகப் போய்ப் பழகும் பயிற்சிக்கு, நர்சிங் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது ஏழாவது எட்டாவது வளைவுக்குள் யாராவது ஒருத்தி வாந்தி எடுத்துவிடுவாள். அதற்குள் இன்னொருத்தி கேட்டுவிடுவாள்: "மேடம், மேல இருக்கறவங்க எல்லாரும் மலையாளிங்களாமே?"

ஒரு வருஷம் இந்தக் கேள்வி விழுந்ததும் கோட்டயத்துப் பெண் ஒருத்தி சீட்டைவிட்டு எழுந்தே விட்டாள். ஹாஸ்டலில் மனசுவிட்டுப் பேச ஆள் கிடைக்காமல் மூணு மாசமாக வாடிக் கிடந்தவள். மலைமேல் தன் பாஷை பேசுகிற ஜனம் இருக்கிறது என்று முகமே மாறிவிட்டது. பஸ் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் விளக்கினேன்: சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளிகள் பழங்குடி மக்கள். மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் தொகையில் பெரிய கூட்டம் அவர்கள்தான்.

அன்று மத்தியானம் ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தப் பெண் கொச்சைத் தமிழில், "நானும் மலையாளிதான் ஆயா" என்றாள். ஆயா சிரிக்கவில்லை. "அப்படியா கண்ணு? எந்த மலை? கொல்லிமலையா, கல்ராயனா?" என்று கேட்டு, வெல்லம் போட்ட வரக்காப்பியை நீட்டினாள். தன் ஊர் மலையைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல ஆயா கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே மிளகு உண்டா, ஏலக்காய் உண்டா, அட்டை கடிக்குமா என்று அரைமணி நேரம்.

பி.எஸ்சி. நர்சிங்கில் நாலு வருஷம், ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோவில் மூணு வருஷம் படித்தாலும் அந்த ஆயா கேட்ட மாதிரி கேட்க வராது. அதை எப்படி வரவைப்பது என்று இருபத்திரண்டு வருஷம் டியூட்டராக இருந்து எனக்குத் தெரிந்த வழியை எழுதுகிறேன். நான் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆகிறது. இப்போது யாரும் என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்க முடியாது.

முதலில் ஒரு நோட்டு வாங்கு

எண்பது பக்கம் போதும், யூனிஃபார்ம் பாக்கெட்டில் நுழைகிற அளவு. இது பேஷண்டுக்கு என்ன கவனிப்பு என்று திட்டம் போட்டு எழுதும் கேர் பிளான் நோட்டு இல்லை. யாரிடமும் சைன் வாங்க வேண்டாம். பேஷண்டின் பெயர், பெட் நம்பர், ஊர் எதுவும் எழுதக்கூடாது. ட்யூட்டி முடிந்து ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து, இன்று வார்டில் நடந்ததைச் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பை எழுதுவதற்கான நோட்டு.

எழுதும் முறை சுலபம். எதைப் பார்த்துச் சிரித்தாய், அல்லது முகம் சுளித்தாய் என்று ஒரு வரி. ஏன் என்று ஒரு வரி. அதைப் பற்றி அந்த ஆளிடம் எதைக் கேட்காமல் விட்டாய் என்று ஒரு வரி. மூணாவது வரிதான் முக்கியம். பிள்ளைகள் அதைத்தான் காலியாக விட்டுவிட்டு வருவார்கள்.

ஏன் சிரிப்பைப் பிடிக்கச் சொல்கிறேன் என்றால், நம் மனசில் என்ன இருக்கிறது என்று நம்மையே கேட்டால் நாம் பொய் சொல்வோம். "எல்லா மதத்தையும் சமமா மதிக்கிறாயா?" என்று ஃபார்ம் கொடுத்தால் வகுப்பே "ஆம்" என்று டிக் அடிக்கும். நான் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அதே வகுப்பு அன்று ராத்திரி மெஸ்ஸில் ஒரு பீகார் பையன் ஊசிக்குப் பயந்து கத்தியதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

என்னுடைய முதல் பதிவு எதுவாக இருந்திருக்கும் என்றும் சொல்கிறேன், நோட்டு அப்போது இல்லாவிட்டாலும். 1985, நான் படிக்கிற காலம். பிரசவ வார்டுக்கு மலையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். டேபிளில் படுக்க மாட்டேன் என்கிறாள். கீழே இறங்கிக் குந்துகிறாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். சீனியர் ஒருத்தி ஏதோ சொல்ல, நாங்கள் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தூக்கிப் படுக்கவைத்தார்கள். அவள் எங்களைப் பார்த்தாள். அவ்வளவுதான் ஞாபகம். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பிரசவத்துக்கான பரிந்துரைகளை வெளியிட்டபோது, தாய் விரும்புகிற நிலையில், நிமிர்ந்த நிலையிலும்கூட, பிரசவிக்க ஊக்கப்படுத்தலாம் என்று இருந்ததைப் படித்தேன். வகுப்பில் அந்தப் பக்கத்தை நான் வாசிக்கவில்லை, ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொன்னேன்.

எனக்கும் சிரிப்பு வாங்கிய அனுபவம் உண்டு. அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வீடு எங்களுடையது, வீட்டில் பேசுவது கன்னடம். அந்தக் கன்னடம் பெங்களூருக்குப் போனால் செல்லாது, கண்ணு. அங்கே போனால் தமிழச்சி, இங்கே கன்னடக்காரி. ஹாஸ்டலில் அப்பாவோடு போனில் ரெண்டு வார்த்தை பேசினால் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள். அப்படி இருந்தும் லேபர் ரூமில் நானும் சேர்ந்துதான் சிரித்தேன். தான் பட்டவள் பிறரைப் படுத்த மாட்டாள் என்பதெல்லாம் சும்மா.

கேட்கிற விதம்

நோட்டின் மூணாவது வரி நிரம்ப வேண்டுமானால் கேட்கத் தெரிய வேண்டும். ஆர்தர் கிளைன்மன் என்று ஹார்வர்டில் மனநல மருத்துவர், மானிடவியலும் படித்தவர், நோயாளியிடம் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார். அதை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் நம் ஆட்கள் போலீஸ் விசாரணை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் வார்டுத் தமிழில் நாலாகக் குறைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு என்னாச்சுன்னு நீங்க நினைக்கறீங்க?"

"எதனால வந்திருக்கும்?"

"இங்க வர்றதுக்கு முன்னால வேற எங்க காட்டினீங்க?"

"இதுல எது உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கு?"

மூணாவது கேள்வியைக் கேட்கும் குரலில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் இத்தனை நாள் வரல?" என்று கேட்டுவிட்டால் கதவு சாத்திவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவிடம், "தொக்கம் எடுத்தீங்களா?" என்று சாதாரணமாகக் கேள். நம் பக்கம் குழந்தை பால் குடிக்காமல் வாந்தி எடுத்தால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கிறவரிடம் ஓடுவார்கள். உனக்கு அது தெரியும் என்று தெரிந்தால் அவள் மீதியைச் சொல்வாள்: எத்தனை நாள் முன்னால், வாய்க்குள் விரல் விட்டார்களா, ஊதினார்களா, என்ன பொடி கொடுத்தார்கள். அதெல்லாம் டாக்டருக்குத் தேவையான செய்தி. "மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து விழுந்தால், அந்தப் பொடியின் பெயர் கேஸ் ஷீட்டுக்கு வராது.

கேட்டுவிட்டு வாயை மூடு. மனசுக்குள் பத்து எண்ணு. மலையில் இன்னும் கூடுதலாக எண்ண வேண்டும். அங்கே பெரியவர்கள் "சரி சரி" என்பார்கள். நீ சொன்னது காதில் விழுந்தது என்பதற்குத்தான் பல சமயம் அந்தச் "சரி". செய்கிறேன் என்று அர்த்தமில்லை. இரும்புச் சத்து மாத்திரைக்குச் சரி சொன்ன பெண்ணின் வீட்டில் ஒரு மாசம் கழித்துப் போனால் அட்டை பிரிக்காமல் கூரையில் செருகியிருக்கும். பொய் சொல்லிவிட்டாள் என்று கோபப்படாதே. "மாத்திரை போட்டா என்ன பண்ணுது?" என்று கேள். வயிறு கல்லாகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது என்பாள். முதல் நாளே நீ சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

எதை விடுவது, எதில் கை வைப்பது

மாடலீன் லெய்னிங்கர் பெயர் உனக்குத் தெரியும், பரீட்சையில் மார்க் வாங்கித் தரும் பெயர். 1925-இல் பிறந்து 2012-இல் இறந்த அமெரிக்க நர்ஸ், பாப்புவா நியூ கினியில் கட்சுப் மக்களோடு தங்கி வேலை செய்தவர், பண்பாடு கடந்த நர்சிங் என்ற துறையையே தொடங்கியவர். அவருடைய சூரிய உதய மாடலைக் கலர் பென்சிலில் அழகாக வரைவீர்கள். வார்டுக்குள் வந்ததும் மறந்துவிடுவீர்கள். படம் கிடக்கட்டும். அவர் சொன்ன மூணு வழி மட்டும் போதும்: இருப்பதைக் காப்பாற்று, கொஞ்சம் இணங்கிப் போ, அல்லது சேர்ந்து மாற்று.

பச்சைக் குழந்தையை வைத்துச் சொல்கிறேன். அரைஞாண் கயிறு, தாயத்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இதிலெல்லாம் உனக்கு என்ன நஷ்டம்? விடு. கயிறு இறுக்கமாக இருந்தால் தளர்த்தச் சொல், ஈரம் தங்காமல் பார்த்துக்கொள். முஸ்லிம் வீட்டுக் குழந்தையின் காதில் தாத்தா பாங்கு சொல்ல வேண்டும் என்றால் ரெண்டு மூணு நிமிஷம்தான் ஆகும். குழந்தை நன்றாக மூச்சுவிட்டு அழுதுகொண்டிருந்தால், துணியில் சுற்றி அவர் கையில் கொடு. அந்த ரெண்டு நிமிஷத்துக்காக அந்தக் குடும்பம் உன்னை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும்.

இணங்கிப் போகும் இடம் பத்தியம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, சுக்கு, கருவாடு, மிளகு ரசம் கொடுப்பார்கள். அதில் தப்பில்லை. தண்ணீர் கொடுக்காமல் நாக்கு வறளவிடுவார்கள், அதில்தான் தப்பு. "தண்ணி குடிக்கலாம்" என்று மட்டும் சொன்னால் மாமியார் உன்னை முறைப்பாள். "சீரகம் போட்டுக் கொதிக்கவச்ச தண்ணி, வெதுவெதுப்பா, நாள் பூரா குடிக்கட்டும்" என்று சொல்லிப் பார். மாமியாரே காய்ச்சிக் கொடுப்பாள்.

சேர்ந்து மாற்ற வேண்டியவை நாலைந்து உண்டு, இவற்றில் சமரசம் கிடையாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைப்பது. தெருவில் ஓட்டிவரும் கழுதையின் பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டுவது. கண்ணுக்குள் மை தீட்டுவது. கடை மையில் ஈயம் இருக்கக்கூடும், பொட்டைக் காலடியிலோ கன்னத்திலோ வைத்துக்கொள்ளட்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். வலிப்புக்கும் மஞ்சள் காமாலைக்கும் சூடு போடுவது. இவற்றைப் பற்றிப் பேசும்போது தாயிடம் பேசாதே, அந்த வீட்டில் யார் கையில் குளியல் நடக்கிறதோ அந்தக் கிழவியிடம் பேசு. தாய்க்கு அந்த வீட்டில் வாய் கிடையாது. அவளிடம் சொல்லிவிட்டு வந்தால் உன் ரிக்கார்டில் "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று எழுதிக்கொள்ளலாம், குழந்தைக்கு ஒன்றும் மாறாது.

அம்மை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சேலத்துப் பிள்ளைகளே இதில்தான் தடுமாறுகிறார்கள். சின்னம்மை போட்ட வீட்டில் "நோய்" என்று சொல்லாதே. "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும், தாளிக்கும் வாசனை வராது, வெளி ஆள் உள்ளே வரமாட்டார்கள். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற ஊரில் இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வேப்பிலை செருகிய வாசலை நர்சிங் பாஷையில் பார்: தனிமைப்படுத்தல் போர்டு. அந்த வீடு உன் வேலையில் பாதியைச் செய்து முடித்துவிட்டது. மீதிப் பாதியைக் கேள்: நீராகாரம் போகிறதா, மூச்சு வாங்குகிறதா, வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாளா, குழந்தைக்கு யாராவது ஆஸ்பிரின் கொடுத்தார்களா. பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை என்பதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

பேதியும் பேத்தாவும்

கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வடக்கே இருந்து வந்த பையன்கள் இல்லாத வார்டு இன்று சேலத்தில் இல்லை. எல்லோரும் "ஹிந்திக்காரன்". அதில் வங்காளத்துக்காரன் உண்டு, ஒடிசாக்காரன் உண்டு, ஜார்கண்டில் சந்தாலி பேசுகிறவன் உண்டு. ஒரு பிள்ளை கேஸ் எழுதிக்கொண்டு வந்தாள்: வயிற்றுப்போக்கு. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "பேட் பேத்தா, பேட் பேத்தா" என்கிறானாம். பேதி என்றுதானே அர்த்தம் என்று உப்புக்கரைசல் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். வங்காளத்தில் அது வயிற்று வலி. ரெண்டு நாளாக அவனுக்கு வெளியே போகவே இல்லை. நல்லவேளை, ட்யூட்டி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பாஷையில் பத்து வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள். வலி எங்கே என்பதற்கு ஹிந்தியில் "தர்த் கஹாங் ஹை", வங்காளத்தில் "கொத்தாய் பேத்தா". எப்போதிலிருந்து, "கப் ஸே". சிறுநீர், மலம், மயக்கம், அலர்ஜி. உச்சரிப்பு கேவலமாகத்தான் இருக்கும். அந்தப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். ஒரு தடவை சிரிப்பை வாங்கிக்கொள்வது உனக்கு நல்லது. வலியின் அளவுக்கு முகப் படங்களைக் காட்டு.

ஒன்று மட்டும் செய்யாதே: கூட வந்த மேஸ்திரியை மொழிபெயர்க்க வைக்காதே. பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று மேஸ்திரி சொல்வார். மூணாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவனாக இருப்பான். ரெண்டுக்கும் பார்க்க வேண்டிய எலும்பு வேறு, எழுத வேண்டிய ரிஜிஸ்டரும் வேறு. வீட்டுப் பெண்களுக்கு அவர்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதும் அப்படித்தான். பத்து வயசுப் பையன் வழியாக மாதவிடாய் பற்றி எந்த அம்மா சொல்வாள்? அடுத்த வார்டில் அந்தப் பாஷை தெரிந்த ஸ்டாஃப் இருக்கிறாரா என்று தேடு, இல்லாவிட்டால் போனில் ஆள் பிடி.

பட்டியலை நம்பாதே

பாடப் புத்தகத்தில் பெட்டி போட்டுக் கொடுத்திருப்பார்கள், இந்த மதத்தார் இதைச் சாப்பிட மாட்டார்கள், அந்த மதத்தார் அதைத் தொட மாட்டார்கள் என்று. படித்துக்கொள், ஆனால் அதை வைத்து முடிவு எடுக்காதே. இங்கே கடை வைத்திருக்கும் ஜைனக் குடும்பங்களில் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடாத, கிழங்கு வகை தொடாத பெரியவர்கள் உண்டு. அப்படி ஒருவருக்கு ராத்திரி எட்டு மணிக்கு இன்சுலின் எழுதியிருந்தால், சாப்பாடு இல்லாமல் ஊசி மட்டும் போய்ச் சர்க்கரை இறங்கி விடியலில் வியர்த்துக் கிடப்பார். ஆகவே சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டியது உன் வேலை. ஆனால் அதே வீட்டுப் பேரன் வார்டுக்கு வெளியே நின்று உருளைக்கிழங்கு போண்டா தின்றுகொண்டிருப்பான். மத்தியானம் அவனே அட்மிட் ஆனால் பெட்டியைப் பார்த்து ஒதுக்குவாயா, அவனைக் கேட்பாயா?

தாலியும் அப்படித்தான். ஆபரேஷனுக்கு முன் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, மின்சாரக் கருவியால் தீய்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. சிலர் உடனே கழற்றிக் கொடுப்பார்கள். சிலர் அழுவார்கள். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை மாற்றிக் கட்டிக்கொள்ளலாமா என்று நீயே கேள். தங்கத்தை அவள் சொல்கிற ஆளிடம் சைன் வாங்கிக் கொடு. யாரிடம் என்று அவள்தான் சொல்ல வேண்டும், கணவன் என்று நீயாக முடிவு கட்டாதே.

பாடப் புத்தகம் இன்னொரு விதத்திலும் நம்மை ஏமாற்றும். அதில் உள்ள உடம்பு வெள்ளைக்காரன் உடம்பு. "தோல் இளஞ்சிவப்பாக இருக்கும்", "உதடு நீலமாகும்" என்று இருக்கும். நம் வார்டில் எத்தனை பேர் இளஞ்சிவப்பு? ரத்தசோகைக்குக் கீழ் இமையைத் தாழ்த்திப் பார், நாக்கைப் பார், உள்ளங்கையைப் பார். காமாலைக்கு வெள்ளை விழியைப் பகல் வெளிச்சத்தில் பார். நீலம் பாரிப்பதை உதட்டின் உட்புறத்திலும் நாக்கிலும் பார். பச்சைக் குழந்தையின் முதுகிலும் புட்டத்திலும் நீலச் சாம்பல் படை இருந்தால் அது பிறவிப் படை, யாரும் அடித்த காயம் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும், மருதாணி விரலிலும் சந்தேகம்தான். காதுக்கான கிளிப் இருந்தால் காது மடலில் போட்டுப் பார், எண்ணைவிட ஆளைப் பார்.

நீயும் நீங்களும்

இது நோட்டின் வலது பக்கத்துக்கு. ஒரு நாள் காலை ட்யூட்டி முழுக்க, யாரை "நீங்க" என்றாய், யாரை "நீ" என்றாய் என்று கோடு போட்டு எண்ணு. வயசையும் பக்கத்தில் போடு. வேறெதுவும் வேண்டாம்.

நான் நாற்பது வயசில் இதைச் செய்தேன். வெள்ளை வேட்டி, கையில் மோதிரம், கூட ரெண்டு ஆள் நிற்கிற ஐம்பது வயசுக்காரர்: நீங்க. துப்புரவு வேலை பார்க்கிற ஐம்பது வயசுக்காரர்: நீ. மலையிலிருந்து வந்த தாத்தா: "தாத்தா, இங்க வா." ஹிந்திப் பையன்: "டேய்." நான் யாரையும் அவமதிக்கிறவள் இல்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நாக்கு எங்கள் தெருவிலேயே நின்றிருக்கிறது. எங்கள் தெருவுக்குச் சாக்கடை அள்ள வருபவருக்குத் திண்ணை மூலையில் தனி டம்ளர் இருந்தது. அந்த டம்ளரை நான் ஒரு நாளும் தொட்டதில்லை, ஏன் என்று கேட்டதும் இல்லை.

(இந்தக் கட்டுரையில் உன்னை "நீ" என்கிறேனே என்று கேட்கலாம். எழுதி முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். "நீங்கள்" போட்டால் எனக்கே அந்நியமாக இருக்கிறது. உனக்கு உறுத்தினால் நோட்டில் எழுது.)

இப்போதைய பிள்ளைகள் சாதி கேட்பதில்லை என்பார்கள். கேட்கிறார்கள், வேறு மாதிரி. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" ரெண்டாவது கேள்விக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. காலரா கணக்கெடுக்கவா போகிறாய்? ஹிஸ்டரி எடுக்கும்போது அந்தக் கேள்வி வாய்க்கு வந்தால் நோட்டில் எழுது. படுக்கையில் குளிப்பாட்டும் நாளில் யாரை முதலில் எடுக்கிறாய், யாரை ஒன்றரை மணிக்குத் தள்ளுகிறாய், அதையும்.

எதிர்த்திசையிலும் வரும். "நீ என்ன ஆளு கண்ணு?" என்று பாட்டி உன்னைக் கேட்பாள். "நர்சுங்க ஆயா" என்று சொல்லிவிட்டு பிபி கட்டு. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியாமல், இந்தப் பெண் எனக்குச் செய்யக்கூடாது என்று யாராவது சாதியையோ மதத்தையோ சொல்லித் தள்ளினால், உங்களுக்குள்ளேயே பேஷண்டை மாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் சமாளிக்காதீர்கள். இன்சார்ஜ் சிஸ்டரிடமும் டியூட்டரிடமும் சொல்லி எழுத்தில் வரவையுங்கள். கூடப்படிக்கிறவள் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுப்பாள், அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

நியூசிலாந்தில் இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்று ஒரு மாவோரி நர்ஸ் இருந்தார். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதைக் கவனிக்கப்பட்டவர்தான் சொல்ல முடியும், கவனித்தவர் சொல்ல முடியாது என்றார். 1990-களில் அந்த நாட்டு நர்சிங் படிப்பிலேயே அது சேர்ந்தது. எனக்கு அது லெய்னிங்கரைவிடப் பிடித்துப்போனது. ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் எழுதும் கேர் பிளானில் "மதிப்பீடு" என்ற கட்டத்தில் எப்போதும் "நோயாளி திருப்தியாக உள்ளார்" என்றே இருக்கும். நோயாளியைக் கேட்டு எழுதியவள் எத்தனை பேர்?

திரும்பிப் போ

மலை போஸ்டிங்கில் எல்லோரும் செய்யும் தப்பு இது. வீடு வீடாகப் போவோம், செருப்பை வாசலில் கழற்றுவோம், களியா சாமைச் சோறா, கழிப்பறை உண்டா, எத்தனை பிரசவம் வீட்டில் என்று ஃபேமிலி ஃபோல்டர் என்கிற குடும்ப விவரப் படிவத்தை நிரப்புவோம், ரத்தம் எடுப்போம், போட்டோ பிடிப்போம், இறங்கிவிடுவோம். ஒரு வருஷம் ஒரு பெண் காப்பிக் கொட்டை காயவைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "போன வருசமும் புள்ளைங்க வந்து இதையே எழுதிட்டுப் போச்சுங்க. அதுக்கு முந்தின வருசமும். எங்க ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு யாரும் வந்து சொல்லல."

அந்த வாரம் கோட்டயத்துப் பெண்ணின் நோட்டில் ஒரு பதிவு இருந்தது, அவளே காட்டினாள். "மேடம் கீழே இறங்கும்போது, மலைக்காரங்க இப்படித்தான் எல்லாத்துக்கும் சந்தேகப்படுவாங்க என்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை." மூணாவது வரியில், "மேடத்திடம் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தாள்.

மறுவாரம் ஹீமோகுளோபின் ரிசல்ட்டுகளை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டில், எண்ணையும் அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு நானும் ஆறு பிள்ளைகளும் மறுபடி ஏறினோம். நீயும் அப்படிச் செய். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடமும் கிராம சுகாதார நர்சிடமும் முன்னாலேயே சொல்லிவிடு. காப்பி பழம் பறிக்கிற மாசங்களில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது, எஸ்டேட்டிலிருந்து திரும்புகிற நேரம் பார்த்துப் போ. அந்த நேரத்துக்கு மேலே குளிர் இறங்கிவிடும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். கீழே இறங்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள். ஆயா காப்பி போடாமல் விடமாட்டாள், நேரம் போவது தெரியாது.